வேண்டுமென்றே கட்டின சாக்கு

1

நான் இருக்கிற ஊர் நோர்வேயின் வடக்கு மூலையில், கடலோரத்தில் இருக்கிறது. கார்த்திகை முடிகிற நேரம் சூரியன் ஒரேயடியாக லீவு எடுத்துக்கொண்டு போனால் தை பாதி கழிந்த பிறகுதான் தலையைக் காட்டும். அதுவரைக்கும் காலை பத்து மணியா பின்னேரம் மூன்று மணியா என்று அறிய மணிக்கூட்டைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஊர் மீன் ஆலையில் இருபத்தெட்டு வருடம் கத்தி பிடித்தேன். போன வருடம் முதுகு மறுத்துவிட்டது, இப்போது வீட்டில் இருக்கிறேன்.

வியாழக்கிழமைகளில் பக்கத்து வீட்டு இங்கிரிட் வருவாள். எழுபது தாண்டியவள், என்னை விடப் பலசாலி. விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய சட்டைகளையும் கட்டில் விரிப்புகளையும் நீளநீளமாகக் கிழித்துப் பின்னி நிலவிரிப்புச் செய்வோம். கோப்பி குடிப்போம். பெரிதாக ஒன்றும் கதைக்க மாட்டோம். இந்தக் குளிரில் சிநேகிதம் என்றால் அவ்வளவுதான், அது போதும்.

இந்த வியாழன் வந்தவள் ஒரு குண்டைப் போட்டாள். ஊர்ப் பெண்கள் கழகத்தில் மாரிகால ஒன்றுகூடலாம், 'கையில் இருக்கிறதை வைத்து வீட்டைக் கதகதப்பாக்குவது' பற்றியாம். போன மார்கழியில் வன்னியில் என் வீட்டை நான் அலங்கரித்த படங்களைக் காட்டிப் பத்து நிமிடம் பேசட்டாம். "உன் வீடு எல்லோருக்கும் பிடிக்கும்" என்றாள்.

என் கைத்தொலைபேசியில் அந்த வீட்டுப் படங்கள் பன்னிரண்டு இருக்கின்றன. பதினொன்று ஒரு வீட்டைக் காட்டும். பன்னிரண்டாவது வேறு ஒரு வீட்டைக் காட்டும். இரண்டும் ஒரே வீடுதான். எதைக் காட்டுவது, எதை என் வீடு என்று சொல்வது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க யோசிக்கத் தலைதான் இடிக்கிறது. அதுதான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். பிழை யாருடையது என்று நீங்களாவது சொல்லுங்கள்.

2

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிப்பித்தவள் இங்கிரிட்தான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் இங்கே வந்த முதல் மாரியில் அவள் என்னைக் கோப்பிக்குக் கூப்பிட்டாள். உள்ளே போனேன், கண் கலங்கிவிட்டது. வாசலில் நெளிந்துபோன ஒரு பால் கேன், அதற்குள் குடைகள். மேசை என்று போட்டிருந்தது ஒரு பழைய கதவு, பூட்டுத் துவாரம்கூட அப்படியே இருந்தது. நாலு கதிரையும் நாலு விதம், எல்லாவற்றிலும் பெயின்ற் உரிந்து மரம் தெரிந்தது. யன்னலில் சாக்கு. தலையணை உறையும் சாக்கு, அதில் ஏதோ மாவாலையின் எழுத்துக்கூட அழியவில்லை. மின்விளக்கு இல்லை, மெழுகுதிரிதான். புருசன் இல்லாத மனுசி, கரண்டையும் வெட்டிப்போட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளே இரண்டு கிலோ அரிசியும், நடுவில் ரோசாப்பூ அச்சடித்த புது மேசைவிரிப்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தோசமாக வாங்கினாள். அந்த அரிசியில் பாலும் கறுவாவும் சீனியும் போட்டுக் கஞ்சி காய்ச்சி என்னையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். ரோசாப்பூவை மட்டும் பிறகு நான் காணவேயில்லை. அவளுக்குச் சொந்தமாக ஒரு படகும் காட்டுக்குள் இன்னொரு வீடும் இருக்கிற கதை இரண்டு மாரி கழித்துத்தான் தெரிந்தது. அட கோதாரி!

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் தொற்றியது. இந்த இருட்டில் வெள்ளைச் சுவரும் புதுத் தளபாடமுமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் கிடக்கிற மாதிரி இருக்கும். பழைய மரமும் முரட்டுத் துணியும் மஞ்சள் வெளிச்சமும் இருந்தால் வீடு ஆளைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். செலவும் இல்லை. குப்பைக்குப் போகிற பெட்டி எனக்கு அலுமாரித் தட்டு ஆனது. ஆலையில் கழித்துவிட்ட வலை சுவரில் ஏறியது. ஒஸ்லோவில் இருக்கிற என் மகள் ஆரணி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது வீடு இல்லை, மியூசியம். நான் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். அவள் வீட்டில் ஒரு கதிரையும் ஒரு பூச்சாடியும்தான். தமிழும் அப்படித்தான், தேவையான அளவுக்கு மட்டும் வைத்திருக்கிறாள்.

3

எங்கள் வீடு ஸ்கந்தபுரத்தில். குடியேற்றத் திட்டத்தில் காணி கொடுத்த காலத்தில் அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொத்திப் பண்படுத்திய வளவு. அவர்கள் இருவரும் இப்போது இல்லை. சண்டைக்குப் பிறகு அரைச் சுவராக நின்ற வீட்டை நான் இங்கிருந்து காசு அனுப்பி, வருடத்துக்கு ஒரு துண்டாகத் திருத்தினேன். கூடவே நின்று கூரை போடுவித்து, கதவு பூட்டுவித்து, திறப்பை வைத்திருந்து, வெள்ளிக்கு வெள்ளி விளக்கேற்றியவள் பவளம்.

முதலாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் இருந்தவள் பவளம். நான் போனேன், அவள் போகவில்லை. நடந்த எல்லாவற்றுக்குள்ளாலும் நடந்து, ஓடி, வவுனியா முகாமில் கிடந்து, திரும்பி வந்து அதே ஒழுங்கையில் கோழி வளர்த்துக்கொண்டு தனியே இருக்கிறாள். ஸ்கந்தபுரத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே மனுசி அவள்தான். அவள் இல்லையென்றால் அந்த வீடு நாலு சுவரும் ஒரு கிணறும், அவ்வளவே.

வேலையும் இல்லை, மாரிக்கு ஒன்றரை மாதம் ஊரில் இருந்து பார்ப்போம் என்று போன வருடம் போனேன். இங்கே சூரியன் போன நேரம் அங்கே மழை வந்திருந்தது. மார்கழி வன்னி இப்படிக் குளிருமென்று மறந்தே போனேன். விடிய வயல் முழுக்கப் பனி மூடும், ஆட்கள் காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு சைக்கிளில் போவார்கள். முதல் இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் நானும் துவாய் கட்டினேன்.

ஒரு கிழமை வீட்டுக்குள் அடைந்து கிடந்து வேலை செய்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. ஊர் அரிசி ஆலையில் கழித்த சணல் சாக்குகளை வெட்டி யன்னல்களுக்குத் திரை தைத்தேன். பழங்கள் வந்த மரப்பெட்டிகளை அடுக்கிப் புத்தகத் தட்டு வைத்தேன். வளவு மூலையில் மழையில் நனைந்து கிடந்த பழைய நீலக் கதவை இரண்டு கற்களில் ஏற்றி மேசை ஆக்கினேன். துருப்பிடித்த சைக்கிள் றிம் ஒன்றை முகட்டில் தொங்கவிட்டு அதில் அரிக்கன் லாம்பு கொளுவினேன். விளிம்பு தெறித்த இனாமல் கோப்பைகள் ஐந்து சுவரில் ஏறின. பூச்சு இல்லாத சுவரை வேண்டுமென்றே பூசாமல் விட்டேன். பிறகு பதினொரு படம் எடுத்து இங்கிரிட்டுக்கு அனுப்பினேன். 'உன்னிடம் நான் தோற்றேன்' என்று பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

4

அன்று பின்னேரமே பவளத்தைக் கூப்பிட்டேன். அவள்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அதுவரை உள்ளே விடாமல் வைத்திருந்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் நடு அறையில் நின்றாள். முகட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். யன்னல் சாக்கை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னடி, எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. "அங்க இருந்து சாமான் ஒண்டும் கொண்டரேல்லையோ?"

"என்னத்துக்கு? இஞ்ச கிடக்கிறதே காணும்."

"வேலை?"

"விட்டிட்டன். முதுகு ஏலாது."

யன்னல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஆரணி கதைக்கிறவளோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

இந்த 'ஓம்' பற்றி ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். வடக்கு நோர்வேக்காரர் ஆம் என்று சொல்லும்போது மூச்சை வெளியே விடுவதில்லை, உள்ளே இழுப்பார்கள். பயந்தவர்கள் மாதிரி, விக்குகிறவர்கள் மாதிரி ஒரு சத்தம் வரும். இருபத்தெட்டு வருடம் அவர்களோடு மீன் வெட்டி அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிவிட்டது, என் 'ஓம்' இப்போது உள்ளேதான் போகிறது. எனக்கே அது தெரியாது. ஆரணி சொல்லித்தான் பிறகு தெரிந்தது. மகள் கதைக்கிறாளா என்று கேட்டதற்கு நான் விக்கினேன் என்று பவளம் எடுத்துக்கொண்டாள்.

"எப்ப வருவாள் இஞ்சால?"

"அவளுக்கு எங்க நேரம்? மாதத்துக்கு ஒருக்காக் கதைச்சாலே பெரிசு."

இதுவும் உண்மைதான். நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். பவளம் என் கையைப் பிடித்தாள். அவளுடைய உள்ளங்கை உலக்கை பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போய் இருந்தது.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை. நான் இருக்கிறன்."

நான் ஒன்றுக்கும் யோசிக்கவில்லையே என்று நினைத்தேன். ஆனாலும் நல்ல மனுசி, முப்பது வருடம் கழித்தும் இப்படி இருக்கிறாளே என்று நெஞ்சு நிறைந்து போனது.

5

அதன் பிறகு பத்து நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

விடிய எழும்பிப் படலையைத் திறந்தால் ஒரு பூசணிக்காய் இருக்கும். அடுத்த நாள் ஒரு சருவம் நிறையக் குத்தரிசி. முருங்கைக்காய், முட்டை, ஒரு சுற்றுக் கருவாடு. ஒழுங்கையில் இருக்கிற பெண்கள் வருவார்கள், கதிரை நுனியில் உட்காருவார்கள், என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், "உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

முன்பெல்லாம் இரண்டு கிழமை லீவில் போனால் என்ன பாடு! சென்ற் கொண்டுவந்தனியோ, சொக்கிலேற் எங்கே, அந்தப் பழைய ஃபோனைத் தந்துவிட்டுப் போகலாமே என்று ஆள் மாறி ஆள் கேட்பார்கள். இந்த முறை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. திருப்பணிக்கென்று கொப்பியோடு வருகிற கோயில்காரர் என் படலையைக் கண்டதும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.

நான் என்ன விளங்கிக்கொண்டேன் என்று கேளுங்கள். ஊர் திருந்திவிட்டது என்று விளங்கிக்கொண்டேன்! வெளிநாட்டுக்காரரிடம் பிடுங்குகிற காலம் போய்விட்டது, நாகரிகம் வந்துவிட்டது என்று இங்கிரிட்டுக்கு நீளமாக ஒரு செய்தி வேறு அனுப்பினேன். எத்தனை பெரிய விசரி நான்.

6

மின்சாரம் அப்பாவின் பெயரில் இருந்தது. அதை என் பெயருக்கு மாற்றக் கிளிநொச்சிக்குப் போக வேண்டியிருந்தது. "நீ போட்டு வா, நான் வீட்டைப் பாக்கிறன். ஆறுதலா வா" என்றாள் பவளம். அந்த 'ஆறுதலா'வை இரண்டு தரம் சொன்னாள்.

அலுவலகத்தில் படிவம் தந்தார்கள். நிரந்தர வதிவிடம் என்று ஒரு கட்டம். நோர்வே விலாசத்தை எழுதினேன். அப்படியென்றால் இங்கே ஏன் இணைப்பு என்று கேட்பார்களோ என்று வெட்டிவிட்டு ஸ்கந்தபுரத்தை எழுதினேன். அடையாள அட்டை இலக்கம் என்று அடுத்த கட்டம், அது என்னிடம் இல்லை. கடவுச்சீட்டு இலக்கத்தை எழுதினால் அது மேலே எழுதின விலாசத்தோடு சண்டை பிடித்தது. மேசையில் இருந்த பிள்ளை, ஆரணியை விட இளையவள், பொறுமையாக என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, நீங்கள் இஞ்ச வந்திருக்கிறீங்களோ, இருக்கிறீங்களோ?"

குறை சொல்லவில்லை, நல்ல கேள்வி. படிவத்தை அவள் பக்கமே தள்ளிவிட்டேன். கிராம அலுவலர் விதானையாரிடம் ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். நோர்வேயிலும் இப்போது இதே கதைதான். வருடத்தில் எத்தனை நாள் வெளியே நின்றாய், எங்கே நின்றாய், ஏன் நின்றாய் என்று கேட்டுக் கடிதம் வருகிறது. இரண்டு நாடும் சேர்ந்து என்னிடம் கேட்கிற கேள்வியை நான் யாரிடம் கேட்பேன்?

கொட்டுகிற மழையில் பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். படலையில் நாலு சோடிச் செருப்பு. வாசலில் புதிதாக ஒரு கால்மிதி போட்டிருந்தது. சேற்றுக் காலை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே போனேன்.

7

சுவர் பச்சை. முன்பள்ளிக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற், இடுப்பளவுக்குக் கடும் பச்சையும் மேலே இளம் பச்சையும். யன்னல்களில் தங்க இலை போட்ட அரக்குச் சிவப்புத் திரைச்சீலை, கீழே குஞ்சம். நடுவில் பிளாஸ்ரிக் மேசை, அதன்மேல் லேஸ் விரிப்பு, அதன்மேல் பிளாஸ்ரிக் பூ. பூச்சாடிக்குப் பக்கத்தில் பவளம் நின்றாள். அவளோடு ஒழுங்கைப் பெண்கள் மூன்று பேர். எல்லோர் கையிலும் பச்சைப் பெயின்ற், எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

"என்ர மேசை எங்க?"

"அந்தக் கதவோ? கொத்தி அடுக்கியாச்சு. நல்லாக் காஞ்ச பலகையடி, தேத்தண்ணி அதிலதான் கொதிக்குது."

சைக்கிள் றிம் பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. இனாமல் கோப்பை ஒன்றில் குசினி வாசலில் கோழி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் வாசலில் கால் துடைத்தது என் யன்னல் சாக்கில்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. "ஆரைக் கேட்டு உடைச்சனியள்? உங்களுக்கெல்லாம் வடிவெண்டால் என்னெண்டு தெரியுமோ? நான் வேணுமெண்டுதானே அப்பிடி வைச்சனான்!" என்று கத்தினேன். அந்தப் பெண்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, மழையென்றும் பாராமல் இறங்கிப் போனார்கள்.

பவளம் மட்டும் நின்றாள்.

"வேணுமெண்டோ? சாக்கை வேணுமெண்டு கட்டினனியோ?"

"ஓம், வேணுமெண்டுதான். அங்க எல்லாரும் அப்பிடித்தான். அது ஒரு வடிவு."

"அப்ப உனக்கு ஒரு கஷ்டமும் இல்லை?"

"எனக்கென்னடி கஷ்டம்?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முகாமில எட்டு மாதம் நாங்கள் சாக்கைக் கட்டித்தான் குளிச்சனாங்கள், வசந்தி. காத்தடிச்சால் ஒரு கையால சாக்கைப் பிடிக்கவேணும், மற்றக் கையால தண்ணி வாக்கவேணும். ரெண்டு கையாலயும் தலையைத் தேய்ச்சுக் குளிக்கிற ஒரு நாள் வராதோ எண்டு நான் அழுதிருக்கிறன். உன்ர யன்னலிலயும் அதைக் கண்டனான். வெளிநாட்டில இருந்தவள் இந்த நிலைக்கு வந்திட்டாளே, மகளும் கைவிட்டிட்டாளே எண்டு மூண்டு நாள் எனக்குச் சோறு இறங்கேல்லை. நீ வடிவுக்குக் கட்டினனியோ?"

வீட்டுத் திறப்பை லேஸ் விரிப்பில் வைத்துவிட்டுப் போனாள். திரைச்சீலை எங்கே வாங்கியது என்று அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த நாள் ஒழுங்கைப் பெண் ஒருத்திதான் படலைக்கு வெளியே நின்றபடி சொன்னாள். பவளம் தன் சொந்த வீட்டுக் குடிபூரலுக்கென்று வாங்கியது. புழுதி பிடிக்கும், வெயிலில் நிறம் போய்விடும் என்று ஒரு நாளும் கட்டாமல் அலுமாரிக்குள் வைத்திருந்தது. அவளுடைய யன்னல்கள் இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கின்றன.

8

அந்த வீட்டில் பிறகு ஒன்பது நாள் தனியே இருந்தேன். மழை விடவில்லை. பூசணிக்காய் வரவில்லை. பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

ஒரு பக்கம் நினைத்தால் கோபம் வரும். என் வீடு, என் சுவர், என் ஆசை. முதுகு முறிய உழைத்தவள் தன் யன்னலில் தனக்குப் பிடித்ததைக் கட்டக்கூடாதா? மறுபக்கம் நினைத்தால் வெட்கமாக இருக்கும். அவள் ஒரு கையால் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த எட்டு மாதமும் நான் இங்கே என்ன செய்தேன்? தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுதேன், ஊர்வலத்தில் போனேன், காசு அனுப்பினேன். வியாழக்கிழமைகளில் இங்கிரிட்டோடு விரிப்பும் பின்னினேன். அந்த மாரியில் பின்னிய விரிப்பு ஒன்று இப்போதும் என் கட்டிலடியில் கிடக்கிறது, மிதிக்கும்போதெல்லாம் கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் இங்கிரிட் என்ன குற்றம் செய்தாள்? நான்தான் என்ன குற்றம் செய்தேன்? இங்கே சரியாக இருந்த ஒரு சாக்கு, கடல் கடந்ததும் எப்படிப் பிழையானது?

ஆரணியிடம் தொலைபேசியில் சொன்னேன். கேட்டுவிட்டு, "அம்மா, அவா உங்களைக் கேட்காமல் செய்தது சரியில்லை" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஆனா எனக்கு ஒருத்தரும் அப்பிடிச் செய்ய மாட்டினம்" என்றாள். என் மகள் இப்படி ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

இதை இவ்வளவு தூரம் எழுதி வைத்துவிட்டு நேற்று இங்கிரிட்டிடம் ஒரே ஒரு படத்தைக் கொடுத்தேன், பன்னிரண்டாவதை. பச்சைச் சுவர், தங்க இலை, குஞ்சம், பிளாஸ்ரிக் பூ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "இது யாருடைய வீடு?" என்றாள். என்னுடையதுதான், என் சிநேகிதி அலங்கரித்தது என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கும் அது பிடித்திருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கழகத்தில் அதைத்தான் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன பேசப் போகிறேனோ தெரியாது.

9

ஊரை விட்டு வெளிக்கிட இரண்டு நாள் இருக்கும்போது பவளம் வீட்டுக்குப் போனதை இன்னும் நான் சொல்லவில்லை.

திரைச்சீலைகளைக் கழற்றினேன். தோய்க்கவில்லை, தோய்த்தால் பழசாகிவிடும். மடித்து, பழைய மடிப்பிலேயே வர மடித்து, மழை படாமல் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பவளம் விறாந்தையில் இருந்து நுளம்புவலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பிழை என்ரதான்" என்றேன். "நீ எதைக் கண்டனி எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு. உன்ர யன்னல் சீலையைக் கொண்டந்திருக்கிறன்."

"குடுத்ததைத் திருப்பி வாங்கிறதோ? கொண்டுபோ."

"உனக்கு வேணாமோ?"

"வேணும். அதுக்காக வாங்குவனோ?"

ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், நூல் நுழையவில்லை. நான் கையை நீட்டினேன், தரவில்லை. மூன்றாம் முறையும் நுழையாமல் போக மடியில் வைத்துவிட்டாள்.

"உன்னில எனக்குக் கோவம் இல்லை" என்றாள். "என்னிலதான் கோவம். நீ நல்லா இருக்கிறாய் எண்டு கேட்டு நான் சந்தோசப்படவெல்லோ வேணும்? எனக்கு அது நோகுது. இந்த முப்பது வருசமா நீ அனுப்புவாய், நான் வாங்குவன். கூரைக்கு அனுப்பினாய், கதவுக்கு அனுப்பினாய், எனக்குக் காய்ச்சலெண்டால் மருந்துக்கு அனுப்பினாய். நீ ஒண்டுமில்லாமல் வந்திருக்கிறாய் எண்டு நினைச்ச அந்தப் பத்து நாளும், நீ என்ர ஆளா இருந்தனி. நான் குடுக்க, நீ வாங்கினனி. என்ர பூசணிக்காயைக் கறி வைச்சுச் சாப்பிட்டனி. இனி நீ வசதிக்காரி. நான் என்னத்தைத் தாறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளிடம் சொல்ல ஆயிரம் இருந்தது. நீ வெள்ளிக்கு வெள்ளி ஏற்றிய விளக்கைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், இங்கே இருட்டில் யோசித்துப் பார்க்க ஒரு முகம் இருந்ததைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் ஓடையாக விழுந்துகொண்டிருந்தது. காற்று ஒரு தரம் தூவானத்தை விறாந்தைக்குள் எறிந்தது.

"பவளம், எனக்குக் குளிருது" என்றேன். "போர்க்க ஏதும் இருந்தால் தாவன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் போட்டிருந்தது இங்கிரிட் பின்னித் தந்த தடித்த கம்பளிச் சட்டை. வீட்டில் இன்னும் இரண்டு இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும், அவளே மடித்து வைத்தவள். பனிக்குள் முப்பது வருடம் கிடந்தவளுக்கு வன்னி மழையில் குளிருதாம்! அவள் வாய்க் கோடியில் ஏதோ ஒன்று வந்துவிட்டுப் போனது.

எழும்பி உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு ஏதோ தேடுகிற சத்தம், கன நேரம். இன்னும் பையைவிட்டுக் கழற்றாத ஒரு போர்வையோடு வந்தாள், மயில் படம் போட்டது. பையைக் கிழித்து உதறி, என் தோளைச் சுற்றிப் போர்த்தி, கழுத்தடியில் இழுத்துச் செருகினாள். பூச்சியுருண்டை மணத்தில் எனக்குத் தும்மல் வந்தது.

"புதுசு" என்றாள். "கொண்டுபோய் வெட்டிக் கிழிச்சுச் சுவரில கொளுவினியோ, கொன்றுபோடுவன்."